வைட் ரிசீவரை விலைக்கு வாங்குவது: என்எஃப்எல் ஃப்ரீ ஏஜென்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்ச் மாதமும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் வீரர் சந்தை திறக்கிறது. பந்து பிடிக்கத் தெரிந்த ஒருவரை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பாதி அணிகளின் ரசிகர்கள் நம்பத் தொடங்குவதும் அப்போதுதான். இந்தப் பதில்களை எழுதும்போது இரண்டு ஒப்பந்தங்கள் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. 2021 மார்ச்சில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி கென்னி கோலடேவுக்கு 4 ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சரியாக ஓராண்டு கழித்து ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி கிறிஸ்டியன் கிர்க்குக்கு அதே 4 ஆண்டுகள், அதே 7.2 கோடி டாலர் அடிப்படைத் தொகை கொடுத்தது. ஒன்று பெரும் நஷ்டம். மற்றொன்று அணியையே தூக்கி நிறுத்தியது. தொகை ஒன்றாக இருந்தும் விளைவு ஏன் இப்படிப் பிரிந்தது என்பதில்தான் என் பதில்களில் பெரும்பாலானவை அடங்கியிருக்கின்றன.

வைட் ரிசீவர் என்பவர் யார்? ஃப்ரீ ஏஜென்ட் என்பவர் யார்?

குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பதற்கென்றே களத்தின் ஓரங்களில் நிற்பவர் வைட் ரிசீவர். அவர் ஓடும் பாதைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. அவற்றை ரூட் என்பார்கள். தன்னைக் காக்கும் எதிரணிக் கார்னர்பேக்கை ஏமாற்றி, பந்து வரும் கணத்தில் ஓரிரு அடி இடைவெளியை உண்டாக்குவதுதான் அவருடைய தொழில்.

ஒப்பந்தம் முடிந்து, குறைந்தது நான்கு சீசன் அனுபவமும் இருக்கும் வீரர் எந்தத் தடையும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட். அவர் எந்த அணிக்கும் போகலாம். மூன்று சீசன் அனுபவம் மட்டும் உள்ளவருக்குச் சுதந்திரம் பாதிதான். வேறு அணி ஒரு தொகை சொன்னால், அதே தொகையைக் கொடுத்துப் பழைய அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். 2013-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி எமானுவேல் சாண்டர்ஸுக்கு ஓராண்டுக்கு 25 லட்சம் டாலர் சொன்னபோது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி இப்படித்தான் அவரைப் பிடித்து வைத்தது. ஆனால் ஓராண்டுக்குத்தான் பிடிக்க முடிந்தது. அடுத்த மார்ச்சில் அவர் கிளம்பிவிட்டார். அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

மிகச் சிறந்த ரிசீவர்கள் ஏன் சந்தைக்கு வருவதே இல்லை?

அணிகள் விடுவதில்லை. 2024 ஜூனில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு 4 ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் கொடுத்தது. பழைய ஒப்பந்தம் முடியும் வரைகூட அது காத்திருக்கவில்லை. அப்படிப் பேசி முடிக்க இயலாவிட்டால் ‘ஃப்ரான்சைஸ் டேக்’ இருக்கிறது. அந்த இடத்தில் ஆடும் உச்சச் சம்பளக்காரர்களை வைத்துக் கணக்கிட்ட ஒரு பெரிய தொகையை ஓராண்டுக்குக் கொடுத்தால், அணி ஒரு வீரரை வெளியே போகாமல் நிறுத்திவிடலாம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி டீ ஹிக்கின்ஸை 2024-ல் சுமார் 2.18 கோடி டாலருக்கு இப்படி நிறுத்தியது. 2025-ல் மறுபடியும் நிறுத்தி, அதே மாதத்தில் 4 ஆண்டுகளுக்கு 11.5 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டுவிட்டது. இத்தனைக்கும் அவர் அந்த அணியில் இரண்டாம் ரிசீவர்தான். முதல் ரிசீவரான ஜமார் சேஸுக்கு அதே சமயத்தில் 16.1 கோடி டாலர் கிடைத்தது.

ஆகவே மார்ச் மாதக் கடையில் கிடைப்பவர்கள் பெரும்பாலும் நான்கு வகையினர்: வேறு ஒருவரின் நிழலில் ஆடியவர்கள், காயத்திலிருந்து திரும்புகிறவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள், சம்பளச் சுமைக்காக விடுவிக்கப்பட்டவர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாங்குகிறவர் எந்த வகையை வாங்குகிறார் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

அப்படியானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது?

“இவரை நன்றாக அறிந்தவர்கள் ஏன் விட்டார்கள்?” என்பதுதான்.

வீரரின் முழங்கால், தூக்கம், பயிற்சிப் பழக்கம், மழைநாள் ஆட்டம் என எல்லாவற்றையும் பழைய அணி நான்கைந்து ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறது. 2012 கோடையில் ஸ்டீலர்ஸ் அணியில் மைக் வாலஸ் புதிய ஒப்பந்தம் கேட்டுப் பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தார். அணி அந்தப் பணத்தில் பெரும்பகுதியை அவரைவிட இளையவரும் அப்போது அவ்வளவாகப் புகழ் பெறாதவருமான அன்டோனியோ பிரௌனுக்குக் கொடுத்தது: 5 ஆண்டுகள், சுமார் 4.2 கோடி டாலர். அடுத்த மார்ச்சில் மயாமி டால்ஃபின்ஸ் அணி வாலஸை 5 ஆண்டுகளுக்கு 6 கோடி டாலருக்கு வாங்கியது. வாலஸ் அங்கே இரண்டே சீசன்கள் ஆடினார். முதல் சீசனில் 73 பந்துகளைப் பிடித்து அணியை 930 யார்டு முன்னேற்றினார். மோசமென்று சொல்ல முடியாது, ஆனால் 6 கோடி டாலருக்கான ஆட்டம் அதுவல்ல. நேர்க்கோட்டில் மின்னலாக ஓடுவதுதான் அவருடைய பெரும் ஆயுதம். அப்போது மயாமியின் குவார்ட்டர்பேக்காக இருந்த ரயன் டானஹில்லுக்கோ நீண்ட தூர வீச்சு கைகூடவில்லை. பிட்ஸ்பர்க்கில் பிரௌன் லீகின் தலைசிறந்த ரிசீவராக வளர்ந்தார்.

சில சமயம் காரணம் வெறும் பணநெருக்கடியாக இருக்கும். அப்போது வாங்குகிறவருக்கு ஆதாயம். அது பணநெருக்கடியா, வீரரைப் பற்றிய தீர்ப்பா என்பதைப் பிரித்தறியாமல் காசோலையில் கையெழுத்திடக் கூடாது.

கோலடே, கிர்க் இருவருக்கும் ஒரே தொகை. ஏன் ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார்?

கோலடேவின் பெருமை 2019-ல் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக அவர் ஆடிய ஆட்டம். 1,190 யார்டு, 11 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைப் பகுதியைச் சேர்ந்து புள்ளி எடுப்பது). அந்த ஆண்டு லீகிலேயே அதிக டச் டவுன் பிடித்த ரிசீவர் அவர்தான். ஆனால் எப்படிப் பிடித்தார் என்று பாருங்கள். கார்னர்பேக்கிடமிருந்து விலகி வெளியே வந்து பிடிக்கவில்லை. கார்னர்பேக் உடலோடு ஒட்டி நிற்கும்போதே உயரத் தாவிப் பறித்தார். அதற்கு, மறிக்கப்பட்டிருக்கும் ஆளை நோக்கியும் துணிந்து எறியும் குவார்ட்டர்பேக் தேவை. டெட்ராய்ட்டில் மாத்யூ ஸ்டாஃபோர்ட் அப்படிப்பட்டவர். போதாக்குறைக்கு 2020-ல் இடுப்புக் காயத்தால் கோலடே ஐந்தே ஆட்டங்கள் ஆடியிருந்தார்.

ஜயன்ட்ஸில் என்ன இருந்தது? குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸைப் பந்தை இழந்துவிடாதே என்று பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவரைக் காக்கும் முன்வரிசை பலவீனமாக இருந்தது. உயரப் பந்து எறிய வேண்டுமென்றால் எறிகிறவருக்கு நிற்க நேரம் வேண்டும், அந்த நேரம் அங்கே கிடைக்கவில்லை. தாக்குதல் பயிற்சியாளர் ஜேசன் காரெட் அந்த நவம்பரிலேயே நீக்கப்பட்டார். 2021-ல் கோலடே 37 பந்துகளில் 521 யார்டு எடுத்தார், டச் டவுன் ஒன்றுகூட இல்லை. 2022-ல் 6 பந்துகளில் 81 யார்டு. ஜயன்ட்ஸ் சட்டையில் அவர் எடுத்த ஒரே டச் டவுன், மாற்று வீரர்களை வைத்து அணி ஆடிய அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. 2023 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன்னால் இயன்றதை ஏற்கெனவே காட்டியிருந்த ஒரு மனிதரை, அது பயன்படாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

கிர்க் கதை வேறு. அரிசோனா கார்டினல்ஸ் அணியில் நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட 1,000 யார்டைத் தொடாதவர். 2021-ல் 982 யார்டு. ஒப்பந்தம் வெளியானதும் பலர் கேலி செய்தார்கள். ஆனால் ஜாக்சன்வில்லுக்குத் தேவை எதுவென்று ஜாக்சன்வில்லுக்குத் தெரிந்திருந்தது. புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த இளம் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் தடுமாறிய முதல் சீசனில் அணி 3 வெற்றி, 14 தோல்வி. அவருக்கு வேண்டியிருந்தது நடுக்களத்தில் விரைந்து திரும்பி, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் வந்து நிற்கும் ஒருவர். கிர்க்குக்கு அப்போது வயது 25. உட்புறத்தில் நின்று ஆடுவதே அவருடைய பழக்கம். புதிய பயிற்சியாளர் டக் பீடர்சனின் ஆட்டமுறைக்கு அது பொருந்தியது. 2022-ல் 84 பந்து, 1,108 யார்டு, 8 டச் டவுன். அணி 9-8 என்று முடித்துத் தன் பிரிவை வென்றது. கூடவே சிறிய விலைக்கு வாங்கிய ஸே ஜோன்ஸ் 82 பந்துகள் பிடித்தார். கோலடே இருந்த அதே ஜயன்ட்ஸிலிருந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த டைட் எண்ட் (எதிரியைத் தடுக்கவும் பந்து பிடிக்கவும் நிற்பவர்) எவன் எங்ரம் 73 பந்துகள் பிடித்தார். ஒரே ஆளின்மேல் எல்லாவற்றையும் சுமத்தாமல் மூன்று பேருக்கு மூன்று வேலை பிரித்துக் கொடுத்ததுதான் அந்த வசந்தகாலத்தின் அழகு.

ஒன்றை மறைக்கக் கூடாது. கிர்க்கை அடுத்த இரண்டு சீசன்களிலும் காயங்கள் வாட்டின. 2023-ல் 12 ஆட்டம், 2024-ல் 8 ஆட்டம். 2025 மார்ச்சில் ஏழாம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றுக்கு ஈடாக அவர் ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். நன்றாக அமைந்த ஒப்பந்தத்திலும் நல்ல ஆண்டுகள் ஒன்றோ இரண்டோதான் என்று எடுத்துக்கொள்வதே நிதானம்.

ரிசீவர்களுக்குள் வகைகள் உண்டா?

உண்டு. தாக்கும் அணியில் ஏழு பேர், பந்து வைக்கப்படும் கோட்டின்மேல் நிற்க வேண்டும் என்பது விதி. எக்ஸ் ரிசீவர் கோட்டின்மேலேயே, பெரும்பாலும் தனியாக ஓரத்தில் நிற்பார். முதல் ஐந்து யார்டுக்குள் கார்னர்பேக் அவரைக் கைவைத்துத் தள்ளலாம். அந்த மல்லுக்கட்டில் வெல்பவர் மட்டுமே எக்ஸ் ஆக முடியும். ஸீ ரிசீவர் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்பதால் அவருக்கு ஓடத் தொடங்க இடம் கிடைக்கும். உட்புறத்தில் நிற்பவர் ஸ்லாட். அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்ப வழி உண்டு.

ஒரு ஸ்லாட் ஆட்டக்காரர் 90 பந்து பிடித்தார் என்பதற்காக அவரை எக்ஸ் இடத்தில் நிறுத்தினால், செப்டம்பர் முடிவதற்குள் வாங்கியவர் வருந்துவார். உங்கள் அணியில் காலியாக இருப்பது எந்த இடம் என்று எழுதி வைத்துக்கொண்டு பட்டியலைப் பாருங்கள். பெயர் அதற்குப் பிறகு.

புள்ளிவிவரங்களில் எதை நம்பலாம்?

மொத்த யார்டைக் கடைசியாகப் பாருங்கள். எத்தனை பந்து அவரை நோக்கி எறியப்பட்டது, எத்தனை ரூட் ஓடினார், ஒரு ரூட்டுக்குச் சராசரி எத்தனை யார்டு என்பவை உண்மைக்கு நெருக்கமானவை. ஒரு ரூட்டுக்கு 2 யார்டுக்கு மேல் எடுப்பவர் மிக நல்ல ரிசீவர். அணி பின்தங்கியிருக்கும்போது கடைசிக் கால்பகுதியில் எதிரணி தளர்ந்து கொடுக்கும் யார்டுகளைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

ஒரே ஒரு சீசன் உச்சத்தில் இருந்தால் எச்சரிக்கை. நெல்சன் அகோலர் 2020-ல் ரெய்டர்ஸ் அணிக்காக 48 பந்துகளில் 896 யார்டு எடுத்தார். ஒரு பந்துக்கு 18.7 யார்டு. அந்தச் சராசரி அவருடைய முந்தைய ஆண்டுகள் எதிலும் இல்லாதது. பேட்ரியட்ஸ் 2 ஆண்டுகளுக்கு 2.2 கோடி டாலர் கொடுத்தது. 2021-ல் கிடைத்தது 473 யார்டு. அதே மார்ச்சில் அதே அணி, 3 ஆண்டுகளுக்கு 1.5 கோடி டாலர் அடிப்படைத் தொகையில் கென்ட்ரிக் போர்னை எடுத்தது. அவர் 55 பந்துகளில் 800 யார்டு எடுத்தார். ஆண்டுச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவானவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆடினார்.

குவார்ட்டர்பேக் அவ்வளவு முக்கியமா?

ரிசீவரின் எண்களில் பாதி குவார்ட்டர்பேக்கின் கையெழுத்து. இதற்கு ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2022 மார்ச்சில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி டைரீக் ஹில்லை ஐந்து டிராஃப்ட் உரிமைகளுக்கு ஈடாக மயாமிக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை நட்சத்திரத்தால் நிரப்பவில்லை. ஜூஜூவை ஓராண்டுக்கு எடுத்தது. நீண்ட தூரம் ஓட மார்க்கஸ் வால்டெஸ்-ஸ்காண்ட்லிங்கை 3 ஆண்டுகளுக்கு எடுத்தது. பாட்ரிக் மஹோம்ஸ் எறிய, ஜூஜூ 78 பந்துகளில் 933 யார்டு எடுத்தார். இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் பெங்கால்ஸுக்கு எதிராக வால்டெஸ்-ஸ்காண்ட்லிங் 116 யார்டு எடுத்தார். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் 38-35 என்று கைக்கு வந்தது. அதன் கடைசி இரண்டு நிமிடங்களில் ஈகிள்ஸ் அணியின் கார்னர்பேக் பிடித்து இழுத்ததாக நடுவர் கொடி வீசியது ஜூஜூவை நோக்கி வந்த பந்தில்தான்.

அடுத்த மாதமே பேட்ரியட்ஸ் அவரை 3 ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. அங்கே 2023-ல் 29 பந்து, 260 யார்டு. 2024 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டு மறுபடியும் கான்சஸ் சிட்டிக்கே திரும்பினார். முழங்கால் தொல்லையும் இருந்தது, உண்மைதான். ஆனால் 933-க்கும் 260-க்கும் இடையிலுள்ள பள்ளம் முழங்காலால் மட்டும் தோண்டப்பட்டதல்ல.

வேறு அணியின் இரண்டாம் ரிசீவரை வாங்கி முதல் ரிசீவராக்கலாமா?

இதுதான் சந்தையின் மிகப் பெரிய ஆசை, மிகப் பெரிய பொறியும்கூட. 1994-ல் டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் ஆல்வின் ஹார்ப்பர் பிடித்தது 33 பந்துகள்தான். ஆனால் ஒரு பந்துக்குச் சராசரி 24.9 யார்டு. எதிரணிகள் மைக்கேல் இர்வினை இரண்டு பேராக மறித்துக்கொண்டிருந்ததால் கிடைத்த வெளி அது. 1995-ல் டாம்பா பே அவரை முதல் ரிசீவராக வாங்கியது. இர்வின் உடன் வரவில்லையே! பழைய ஆட்டத்தை அவர் பிறகு ஒருபோதும் எட்டவில்லை.

இதற்கு நேரெதிர் சாண்டர்ஸ். 2014-ல் டென்வர் பிராங்கோஸ் அவரை 3 ஆண்டுகளுக்கு 1.5 கோடி டாலருக்கு எடுத்தது. பிட்ஸ்பர்க்கில் கடைசி ஆண்டு 740 யார்டு, டென்வரில் முதல் ஆண்டு 101 பந்துகளில் 1,404 யார்டு. ஆனால் டென்வர் அவரிடம் முதல் ரிசீவர் வேலையைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே டெமேரியஸ் தாமஸ் இருந்தார், எறிவதற்குப் பெய்ட்டன் மேனிங் இருந்தார். சாண்டர்ஸ் அதே இரண்டாம் வேலையை இன்னும் நல்ல இடத்தில் செய்தார். சூப்பர் பௌல் 50-ல் டென்வர் வென்றபோது அந்த அணியில் அதிக யார்டு எடுத்த ரிசீவரும் அவர்தான்.

முதல் ரிசீவர்தான் வேண்டுமென்றால், ஏற்கெனவே முதல் ரிசீவராக ஆடியவரை வாங்குங்கள். 2012-ல் டாம்பா பே 5 ஆண்டுகளுக்கு 5.55 கோடி டாலர் கொடுத்து வாங்கிய வின்சென்ட் ஜாக்சன் சான் டியேகோவில் செய்ததையே இங்கும் செய்தார்: முதல் சீசனில் 1,384 யார்டு.

செய்தியில் வரும் ஒப்பந்தத் தொகையை எப்படிப் படிப்பது?

மொத்தத் தொகையை மறந்துவிட்டு, உறுதி செய்யப்பட்ட தொகை எவ்வளவு, முதல் இரண்டு ஆண்டுகளில் கைக்கு வருவது எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகள் பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் இருப்பவை.

என்எஃப்எல்லில் எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு உண்டு. 2021-ல் அது 18.25 கோடி டாலர். பெருந்தொற்றால் காலியாகக் கிடந்த மைதானங்களின் விளைவு, முந்தைய ஆண்டைவிடக் குறைவு. 2022-ல் 20.82 கோடி, 2025-ல் 27.92 கோடி. ஆகவே பழைய 7.2 கோடியையும் இன்றைய 7.2 கோடியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வரம்பில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே சரி.

கையெழுத்துப் பணம் என்று ஒன்று உண்டு. அது வீரருக்கு உடனே போய்விடும், கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். 4 ஆண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் கையெழுத்துப் பணம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 50 லட்சம் கணக்கில் ஏறும். இரண்டு ஆண்டு முடிந்ததும் அவரை விடுவித்தால் மீதமுள்ள 1 கோடி மொத்தமாக அந்த ஆண்டுக் கணக்கில் விழும். அணியில் இல்லாத ஒருவர் வரம்பில் இடம் பிடித்துக்கொண்டிருப்பார். ஜூன் 1-க்குப் பிந்தைய விடுவிப்பாகக் காட்டினால் அந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்கலாம். சுமை நீங்காது, தள்ளிப்போகும்.

வயதும் காயமும் எவ்வளவு பயமுறுத்த வேண்டும்?

முப்பதைத் தாண்டிய ரிசீவருக்கு நீண்ட ஒப்பந்தம் தருவதை நான் எதிர்க்கிறேன். ஒன்றிரண்டு ஆண்டு என்றால் வேறு விஷயம். 2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, 2021-ல் 1,947 யார்டு எடுத்துச் சூப்பர் பௌலும் வென்று கொடுத்த கூப்பர் கப்பை 31 வயதில் விடுவித்தது. அதே மாதத்தில் 32 வயது டாவான்டே ஆடம்ஸை 2 ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலருக்கு எடுத்தது. இளையவரை அனுப்பிவிட்டு மூத்தவரை வாங்குவதா என்று பலர் திகைத்தார்கள். ஆனால் கப் செய்த நடுக்கள வேலையை அப்போது பூக்கா நாகுவா செய்துகொண்டிருந்தார். ஓரத்தில் தனியாக நின்று கார்னர்பேக்கை முதல் அடியிலேயே வெல்பவர்தான் இல்லை. ஆடம்ஸின் காலடி அசைவு அதற்கென்றே அமைந்தது. வயதைவிட வேலைப் பொருத்தம் முன்னால் நின்றது. கப் தன் சொந்த மாநிலமான வாஷிங்டனுக்கே திரும்பி, சியாட்டில் சீஹாக்ஸில் 3 ஆண்டுகளுக்கு 4.5 கோடி டாலருக்குச் சேர்ந்தார்.

காயத்தில் முன் குறுக்குத் தசைநார் அறுந்த முழங்கால்தான் பெரிய அச்சம். ஸ்டெஃபான் டிக்ஸ் 2024 அக்டோபரில் அதை இழந்தார். ஐந்தே மாதத்தில் பேட்ரியட்ஸ் அவருக்கு 3 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. 2025 சீசனில் இளம் குவார்ட்டர்பேக் ட்ரேக் மேயின் நம்பகமான இலக்காக அவர் 1,000 யார்டைக் கடந்தார். துல்லியமான ரூட்டை நம்பி ஆடுபவர் இப்படித் திரும்பி வரலாம். வேகம் ஒன்றையே நம்பியவருக்கு இதே துணிச்சலைக் காட்ட நான் தயங்குவேன்.

விடுவிக்கப்பட்டவர், ஒப்பந்தம் முடிந்தவர் இருவரில் யாரை வாங்குவது லாபம்?

மற்றவை சமமாக இருந்தால் விடுவிக்கப்பட்டவரை. ஒப்பந்தம் முடிந்து போகும் வீரர்களை இழக்கும் அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் ஈட்டு உரிமை கிடைக்கலாம். அதே அணி அப்படிப்பட்டவர்களை வெளியிலிருந்து வாங்கினால் அந்த ஈடு கழிந்துபோகும். விடுவிக்கப்பட்டவர் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. கப், ஆடம்ஸ் இருவரும் அப்படி வந்தவர்களே.

டிராஃப்டில் ஒருவரை எடுத்தால் போதாதா?

மலிவு, அதில் சந்தேகமில்லை. 2023-ல் ஐந்தாம் சுற்றில், 177-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட நாகுவா முதல் சீசனிலேயே 105 பந்துகளில் 1,486 யார்டு எடுத்துப் புதுமுகச் சாதனை படைத்தார். ஆனால் அப்படிப்பட்டவர் எப்போதாவது வருபவர். என் யோசனை: அனுபவசாலி ஒருவரை மார்ச்சில் நடுத்தர விலைக்கு எடுங்கள், இளைஞர் ஒருவரை ஏப்ரலில் எடுங்கள். டிராஃப்டுக்கு முன்பே ஓட்டையை ஓரளவு அடைத்துவிட்டால், பதற்றத்தில் தவறான ஆளை எடுக்க வேண்டியிருக்காது.

சந்தை திறந்த முதல் நாளே பாய வேண்டுமா?

புதிய லீக் ஆண்டு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஏஜெண்டுகளோடு பேச அனுமதி உண்டு. பெரிய தொகைகள் அந்த இரண்டு நாளில் எரிகின்றன. பத்து நாள் பொறுத்தால் விலை இறங்கும். ஆனால் உங்களுக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்பவர் சந்தையில் ஒரே ஒருவர்தான் என்றால் பொறுமை உதவாது. ஜாக்சன்வில் கிர்க்குக்குச் சற்று அதிகமாகவே கொடுத்தது. அது தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீரரின் குணத்தைப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். தனக்குப் பந்து வராத நாளிலும் மற்றவருக்காக எதிரியைத் தடுத்து நிற்பாரா என்று ஆட்டப் பதிவுகளில் பாருங்கள். நேர்காணலைவிட அது அதிகம் சொல்லும்.

சீசன் நடுவில் யாரையாவது வாங்கிப் பயன் உண்டா?

சில சமயம் கோப்பையே உண்டு. 2021 நவம்பர் 11-ல் ராம்ஸ் அணி, கிளீவ்லண்டிலிருந்து வெளியேறிய ஓடெல் பெக்கம் ஜூனியரைச் சேர்த்தது. ஆடம்பரம் என்றார்கள். மறுநாள் பயிற்சியில் ராபர்ட் வுட்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆடம்பரம் ஒரே நாளில் அத்தியாவசியமாகிவிட்டது. அந்த சீசனின் சூப்பர் பௌலில் முதல் டச் டவுனை எடுத்தவர் பெக்கம்தான். அதே ஆட்டத்தில் அவரது முழங்காலும் மறுபடி போனது என்பது இந்த விளையாட்டின் கொடுமை.

எனக்கு மிகப் பிடித்த கதை இன்னும் பழையது. 1995-ல் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் அணி ஆண்ட்ரே ரைசனை 5 ஆண்டுகளுக்கு 1.7 கோடி டாலருக்கு வாங்கியது. சந்தையின் மணிமகுடம் அவர். அந்த சீசன் நடுவிலேயே அணி பால்டிமோருக்கு இடம் மாறப்போவதாக உரிமையாளர் அறிவித்தார். ரைசன் 701 யார்டோடு முடித்தார். ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டவில்லை. அடுத்து ஜாக்சன்வில் எடுத்து, 1996 நவம்பரில் அதுவும் விடுவித்தது. அப்போது கிரீன் பே பேக்கர்ஸில் ராபர்ட் புரூக்ஸ் முழங்கால் காயத்தோடு வெளியே இருந்தார், அன்டோனியோ ஃப்ரீமனுக்குக் கை முறிந்திருந்தது. ஓரத்தில் நின்று வேகமாக ஓட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான் தேவை. ரைசனைச் சில்லறைக் காசுக்கு எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌலில், பேக்கர்ஸின் இரண்டாவது ஆட்டநகர்விலேயே பிரெட் ஃபார்வ் எறிந்த பந்தைப் பிடித்து 54 யார்டு டச் டவுன் எடுத்தார் அவர்.